களம் கண்ட சிப்பாய்கள் – 9
ஆறாவதாக வந்த ரங்ரூட்

சென்ற இதழில் தியான் சந்தைப் பார்த்தோம். 1922-ல் முதலாம் பிராமின்ஸ் ரெஜிமெண்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். பட்டாளத்துக்கு வரும்வரை ஹாக்கியைப் பெரிதாக ஆடியவரல்லர். சுபேதார் மேஜர் பாலே திவாரி அவரைப் பிடித்து நிறுத்திக் கற்றுக்கொடுத்தார். நான்கே ஆண்டுகளில், 1926-ல், நியூசிலாந்து போன இந்திய ராணுவ அணியில் அவர் இருந்தார். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 14 கோல் அடித்தார். அந்த அத்தியாயத்தை முடிக்கும்போது ஒரு கேள்வியை விட்டுவைத்தோம். பாலே திவாரி வேறொரு ரெஜிமெண்டில் இருந்திருந்தால் தியான் சந்த் என்ன ஆகியிருப்பார்?

அதே கேள்வி இந்த இதழிலும் தொடர்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. வெள்ளைக்காரன் போய்விட்டான். பட்டாளம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. துப்பாக்கி, வண்டி முதல் மெஸ்ஸின் வெள்ளிப் பாத்திரம்வரை எல்லாவற்றையும் இந்தியாவும் பாகிஸ்தானும் பங்கு போட்டுக்கொண்டன. பங்கு போட வேண்டாத சொத்து ஒன்றும் இருந்தது. விடியற்காலை பி.டி.யும் மாலை கேம்ஸும் எல்லைக்கு இரு பக்கமும் அப்படியே நடந்தன.

பட்டறைக்காரர்களின் பட்டாளம்

செகந்தராபாத் கண்டோன்மெண்டில், திருமலகிரிப் பக்கம், இ.எம்.இ. மையம் இருக்கிறது. ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவுக்கு ஆள் எடுத்துப் பழக்கும் இடம். மதறாஸ் ரெஜிமெண்ட், ராஜபுத்தானா ரைஃபிள்ஸ் போன்ற பிரிவுகள் இருநூறு ஆண்டுப் பெருமை பேசும். இ.எம்.இ.க்கு அப்படி எதுவும் கிடையாது. இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943 அக்டோபர் 15-ல் பிறந்த பிரிவு அது. டாங்கி, பீரங்கி, லாரி, வயர்லெஸ் கருவி என்று பழுதாவதையெல்லாம் சரிசெய்வது அதன் வேலை. காலாட்படையில் ‘சிப்பாய்’ என்று அழைக்கப்படுகிறவன் இங்கே ‘கிராஃப்ட்ஸ்மேன்’. அவனிடம் எதிர்பார்ப்பது முதலில் கைத்திறன்தான்.

அப்படிப்பட்ட பட்டறைக்காரர்களின் மையத்தில் ஏன் ஒவ்வொரு ரங்ரூட்டும், அதாவது புதிதாகச் சேர்ந்த பயிற்சிச் சிப்பாயும், மைல் கணக்கில் ஓட வேண்டும்? இதற்கு விடை இத்தொடரின் இரண்டாம் அத்தியாயத்திலேயே வந்தது. கிரிமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய் குண்டுக்கு விழுந்ததைவிட நோய்க்கும் பலவீனத்துக்கும் விழுந்தது அதிகம். அந்த அடிக்குப் பிறகுதான் 1860-ல் மேஜர் ஹேமர்ஸ்லி பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். ஆர்ச்சிபால்ட் மெக்லாரன் தன் உடற்பயிற்சிக் கூடத்தில் அவர்களைப் பழக்கினார். திரும்பி வந்த அந்தப் பன்னிரண்டு பேர்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் பி.டி. உஸ்தாதுகள். சமையல்காரனோ குமாஸ்தாவோ மெக்கானிக்கோ, சீருடை போட்டவன் எவனாக இருந்தாலும் முதலில் அவன் உடம்பு படைவீரனின் உடம்பாக வேண்டும் என்ற கொள்கை அங்கே வேர்விட்டு, இங்கிலாந்தின் ராணுவ நகரான ஆல்டர்ஷாட்டிலிருந்து செகந்தராபாத்வரை வந்து சேர்ந்தது.

ரங்ரூட்டின் நாள் இருட்டில் தொடங்கும். விசில் சத்தம், ஆள் கணக்கு, பிறகு பி.டி. தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல், கம்பியைப் பிடித்து மோவாய்வரை உடம்பைத் தூக்குதல், பள்ளம் தாண்டுதல், கூட வந்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுதல். இன்றைய ஜவானுக்கு இவையெல்லாம் சோதனைகளாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. மூட்டையும் துப்பாக்கியும் சுமந்து 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். செங்குத்தாகத் தொங்கும் கயிற்றில் ஏற வேண்டும். கிடையாகக் கட்டிய கயிற்றில் தொற்றிக்கொண்டு நகர வேண்டும். பி.டி. முடிந்தால் கவாத்து, ஆயுதப் பயிற்சி, பட்டறை வகுப்பு. மாலையில் கேம்ஸ். இடைப்பட்ட நேரத்தையெல்லாம் ‘ஃபடீக்’ தின்றுவிடும். கூட்டுவது, பெருக்குவது, குழி வெட்டுவது, பாத்திரம் தேய்ப்பது என்று எடுபிடி வேலைகள் அத்தனையும் ரங்ரூட்டின் தலையில்தான். பயிற்சிக் காலத்தில் அவனுக்குப் பசி ஓயாது, தூக்கம் போதாது, வேலை தீராது.

அந்த வாழ்க்கையில் ஒரு நாள் அறிவிப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த எல்லோரும் நெடுந்தூர ஓட்டம் ஓட வேண்டும். முதல் பத்து இடத்துக்குள் வருகிறவர்களுக்கு ஃபடீக் கிடையாது. கூடுதலாக ஒரு டம்ளர் பால் உண்டு.

ஓடத் தெரிந்த அகதி

அந்த அறிவிப்பைக் கேட்டவர்களில் மில்கா சிங்கும் ஒருவர். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் கோவிந்த்புரா கிராமத்துக்காரர். 1947 கலவரத்தில் பெற்றோரைக் கண்ணெதிரே பறிகொடுத்துவிட்டு, உயிர் தப்பி ஓடிவந்தவர். டெல்லியில் பழைய கோட்டையின் அகதி முகாமிலும் ஷாதராவின் குடியேற்றப் பகுதியிலும் வாழ்ந்தார். டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனதற்காகச் சிறைக்குப் போனபோது, அக்கா தன் நகையை விற்று மீட்டார். கொள்ளைக்காரனாகிவிடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்ததாக அவரே பின்னாளில் சொன்னார். ராணுவத்தில் இருந்த அண்ணன் சொல்லித்தான் ஆளெடுப்புக்குப் போனார். மூன்று முறை தள்ளிவிட்டார்கள். நான்காவது முறை எடுத்துக்கொண்டு செகந்தராபாத்துக்கு அனுப்பினார்கள்.

சிறுவயதில் பள்ளிக்கூடம் போய்த் திரும்பப் பல கிலோமீட்டர் ஓடிய கால்கள் அவை. ஆனால் ஓட்டம் ஒரு விளையாட்டு என்பது அவருக்குத் தெரியாது. ஒலிம்பிக் என்ற சொல்லைக்கூட அவர் கேட்டதில்லை. பதக்கத்துக்காக அவர் ஓட வரவில்லை. பாலுக்காகவும், பாத்திரம் தேய்க்காமல் இருப்பதற்காகவும் ஓடினார்.

தக்காணத்துப் பாறைகளுக்கு நடுவே அந்த ஓட்டம் நடந்தது. ஓடிப் பழகாதவர் என்பதால் தொடக்கத்திலேயே வேகமெடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் ஓடினார். கோட்டைத் தொட்டபோது ஆறாவது இடம்.

முதலிடம் பிடித்தவர் யார் என்று வரலாறு சொல்வதில்லை. ஆறாவதாக வந்தவரை நாடறியும். அதற்கான காரணம் அந்த ரங்ரூட்டின் காலில் மட்டும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணிலும் இருக்கிறது.

ஹவில்தார் குருதேவ் சிங்

ஓட்டக்காரர்களைப் பழக்கிக்கொண்டிருந்த ஹவில்தார் குருதேவ் சிங், ஆறாவதாக வந்த பையனைத் தனியே எடுத்து நிறுத்தினார். ஓட்டக்களத்தை அறிந்த எவருக்கும் இது சாதாரணக் காரியம் அல்ல என்பது விளங்கும். வென்றவனைத் தேர்ந்தெடுக்கக் கண் வேண்டாம், பட்டியலே போதும். பயிற்சியில்லாமல், வேகத்தைப் பங்கிடத் தெரியாமல், வழியில் உட்கார்ந்து எழுந்தும் ஆறாவதாக வருகிறவனிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் கண் வேண்டும்.

குருதேவ் சிங்கிடம் நவீனக் கருவிகள் கிடையாது. உடலியல் படித்தவரும் அல்லர். அவரிடம் இருந்தது மைதானம், விசில், தினமும் ஒரே ஆட்களைப் பார்க்கும் வாய்ப்பு. அந்த மூன்றும் போதுமானதாக இருந்தன. நெடுந்தூரம் ஓட வந்தவரை 400 மீட்டருக்குத் திருப்பிவிட்டார்கள். 400 மீட்டர் என்றால் எவ்வளவு தூரம் என்று மில்கா கேட்டாராம். மைதானத்தை ஒரு சுற்று என்றார்கள். ஒரு சுற்றுதானா என்று வியந்ததை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு சுற்று ஓட்டத்திலேயே மிகக் கொடியது என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். நூறு மீட்டரை ஒரே மூச்சில் ஓடிவிடலாம். ஐயாயிரம் மீட்டரை அளந்து ஓடலாம். நானூறில் இரண்டும் நடக்காது. ஏறக்குறைய முழு வேகத்தில் தொடங்க வேண்டும். முந்நூறு மீட்டர் தாண்டும்போது தசையில் அமிலம் ஏறி, தொடை கல்லாகிவிடும். கடைசி நூறு மீட்டரில் யாரும் வேகம் கூட்டுவதில்லை. குறைவாகத் தளர்கிறவன் ஜெயிக்கிறான். வலியைத் தாங்கி ஓடப் பழகிய உடம்புக்கு அங்கே மதிப்பு உண்டு. நெடுந்தூர ஓட்டத்தில் உட்கார்ந்து எழுந்து ஓடிய அந்தக் குணம் நானூறில் பலித்தது.

பட்டாளத்தின் போட்டி முறையும் கைகொடுத்தது. கம்பெனிக்குக் கம்பெனி போட்டி. பிறகு மையத்துக்கு மையம். பிறகு கமாண்டுகளுக்கு இடையே. அதற்கு மேலே முப்படை அணி. தேசியப் போட்டிகளில் ‘சர்வீசஸ்’ ஒரு மாநிலம்போலத் தனியாகவே களமிறங்கும். தன் ஆள் ஜெயித்தால் கம்பெனிக் கமாண்டருக்குப் பெருமை. அதனால் ஓட்டக்காரனுக்குப் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும், கூடுதல் உணவு கிடைக்கும், ரயில் வாரண்டும் கிடைக்கும். வெளியுலகில் ஓர் ஏழைப் பையன் இவை ஒவ்வொன்றுக்கும் யாரிடமாவது கையேந்த வேண்டியிருந்திருக்கும்.

மற்றதை மில்கா தானே செய்துகொண்டார். எல்லோரும் தூங்கியபின் தனியாக ஓடினார். மணலில் ஓடினார், மேட்டில் ஓடினார், ரயிலோடு போட்டி போட்டு ஓடினார். ரத்த வாந்தி எடுக்கும்வரை ஓடியதாகவும் அவர் சொன்னதுண்டு. இதை வீரம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எவ்வளவு ஓட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல விஞ்ஞானம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாத காலம் அது. அந்தக் குறையை ஓர் இளைஞனின் உடம்பு ஈடுகட்டியது.

மெல்பர்னில் கற்ற பாடம்

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றோடு வெளியேறினார். ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. அந்த ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற அமெரிக்கர் சார்லஸ் ஜென்கின்ஸைச் சந்தித்து, எப்படிப் பயிற்சி செய்கிறார் என்று கேட்டறிந்தார். ஆங்கிலம் அறியாத ஜவான், உலக வெற்றியாளரிடம் போய்ப் பாடம் கேட்டதைச் சின்னச் சம்பவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செகந்தராபாத்தின் மைதானத்தில் கிடைக்காத அறிவை அவர் மெல்பர்னில் தேடிப் பிடித்தார்.

பலன் 1958-ல் தெரிந்தது. டோக்கியோ ஆசிய விளையாட்டில் 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் தங்கம். அதே ஆண்டு கார்டிஃபில், அன்று பிரிட்டிஷ் பேரரசு மற்றும் காமன்வெல்த் விளையாட்டு என்று அழைக்கப்பட்ட இன்றைய காமன்வெல்த் விளையாட்டில், 440 கெஜ ஓட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸை முந்தித் தங்கம். சுதந்திர இந்தியாவுக்கு அந்த விளையாட்டில் கிடைத்த முதல் தடகளத் தங்கம் அது. அடுத்த தடகளத் தங்கத்துக்கு 2010 டெல்லிவரை, கிருஷ்ணா பூனியா வட்டு எறியும்வரை, நாடு காத்திருந்தது. பால் டம்ளருக்காக ஓடிய கிராஃப்ட்ஸ்மேனை ராணுவம் ஜே.சி.ஓ.வாக (இளநிலை ஆணை அதிகாரியாக) உயர்த்தியது.

டோக்கியோவின் 200 மீட்டரில் மில்காவிடம் தோற்றவர் பாகிஸ்தானின் அப்துல் காலிக். ஆசியாவின் அதிவேக மனிதர். 1954, 1958 ஆசிய விளையாட்டுகள் இரண்டிலும் 100 மீட்டர் தங்கம் வென்றவர். அவரும் பட்டாளத்துக்காரர்தான். கபடி ஆடிக்கொண்டிருந்த கிராமத்து இளைஞரின் கால் வேகத்தைக் கண்டு, பாகிஸ்தான் ராணுவ விளையாட்டுப் பொறுப்பில் இருந்த பிரிகேடியர் ராதம் படைக்கு அழைத்துவந்தார். ஒரே பழைய பட்டாளத்தின் இரண்டு பாதிகள் ஒரே முறையில் இரண்டு ஓட்டக்காரர்களைக் கண்டெடுத்து, எதிரெதிரே நிறுத்தின. 1960-ல் லாகூரில் இருவரும் மறுபடி ஓடினார்கள். மில்கா வென்றார். ‘பறக்கும் சீக்கியர்’ என்ற பட்டம் அங்கே பாகிஸ்தான் அதிபர் அயூப் கானின் வாயிலிருந்து வந்தது.

அதே 1960-ல் ரோம். 400 மீட்டர் இறுதி ஓட்டம். பாதி தூரம்வரை முன்னணியில் இருந்த மில்கா, இந்த வேகம் தாங்காது என்று 250 மீட்டர் அளவில் சற்றுத் தளர்த்தினார். போன வேகம் திரும்ப வரவில்லை. ஓடிஸ் டேவிஸும் கார்ல் காஃப்மனும் 44.9 விநாடியில் உலக சாதனையோடு கோட்டைத் தொட்டார்கள். ஸ்பென்ஸ் 45.5. மில்கா 45.6. நான்காவது இடம். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பதக்கம் போனது. ஆனாலும் அந்த நேரம் 1998-ல் பரம்ஜீத் சிங் முறியடிக்கும்வரை, 38 ஆண்டுகள், இந்தியச் சாதனையாக நின்றது. இதை மில்காவின் பெருமை என்று மட்டும் கொண்டாடுவது நேர்மையாகாது. அத்தனை கோடிப் பேர் உள்ள நாடு அத்தனை காலம் வேறொருவரைக் கண்டெடுக்கவில்லை என்பதும் அதே கணக்கில்தான் வருகிறது.

அதே பிரிவின் இன்னொருவர்

இ.எம்.இ.யின் கதை மில்காவோடு முடிவதில்லை. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்திலிருந்து வந்த முரளிகாந்த் பேட்கரும் இந்தப் பிரிவில் கிராஃப்ட்ஸ்மேன். பட்டாளத்தில் அவர் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்தன; ஒன்று முதுகெலும்பில் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது.

குத்துச்சண்டை முடிந்தது. ஆனால் உடம்பை விடாமல் பழக்கும் வழக்கம் முடியவில்லை. சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கியவர் நீச்சல் வீரரானார். 1968-ல் டெல் அவிவ் பாராலிம்பிக்கில் மேசைப்பந்து ஆடினார். 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் இந்தியாவுக்கு 2008-ல்தான் வந்தது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2018-ல், நாற்பத்தாறு ஆண்டு கழித்து. நாடு அவரை நினைவுகூர எடுத்துக்கொண்ட காலம் வெட்கப்பட வேண்டியது.

எல்லோரும் ஓடினார்கள்

இந்த இரண்டு வாழ்க்கைகளும் ராணுவப் பயிற்சி மையங்களைப் பற்றி நமக்கு என்ன சொல்கின்றன? ராணுவம் வீரர்களைத் தேடிப் போனதால் மில்கா கிடைக்கவில்லை. எல்லோரையும் ஓடச் சொன்னதால் கிடைத்தார். அந்த ஓட்டம் ஒரு சல்லடை. விருப்பம் உள்ளவன், இல்லாதவன், வேகமானவன், தடுமாறுகிறவன் என்று பார்க்காமல் அத்தனை பேரையும் அதில் கொட்டினார்கள். கீழே நின்று பார்க்கக் குருதேவ் சிங் என்ற ஒரு ஹவில்தார் இருந்தார். இரண்டில் எது இல்லாமல் போயிருந்தாலும் மில்கா, லாரிக்கு எஞ்சின் பூட்டத் தெரிந்த நல்ல மெக்கானிக்காகப் பணி ஓய்வு பெற்றிருப்பார்.

இன்று முறை மாறியிருக்கிறது. பல ரெஜிமெண்ட் மையங்களில் சிறுவர் விளையாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றன. சின்ன வயதிலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் படிப்போடு பயிற்சியும் தருகிறார்கள். 2001-ல் புணேயில் ராணுவ விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. மில்காவுக்குக் கிடைக்காத உடலியல் அறிவும் ஊட்டச்சத்து நிபுணர்களும் அங்கே உண்டு. ஏற்கெனவே பெயர் பெற்றவர்களையும் ராணுவம் நேரடியாக எடுத்துக்கொள்கிறது. 2016-ல் உலக ஜூனியர் சாதனை படைத்த நீரஜ் சோப்ரா, ராஜபுத்தானா ரைஃபிள்ஸில் நேராக நாயப் சுபேதாராகச் சேர்க்கப்பட்டார். 2021 ஜூன் 18-ல் மில்கா காலமானார். ஐம்பதாவது நாள், ஆகஸ்ட் 7-ல், டோக்கியோவில் நீரஜ் ஈட்டியெறிந்து வென்ற தங்கத்தை மில்காவுக்கே காணிக்கையாக்கினார்.

இந்த மாற்றம் நல்லது, வேண்டியது. ஆனால் கண்டெடுத்தவர்களை வளர்ப்பது வேறு, கண்டெடுப்பது வேறு. முதல் வேலையைப் புணே செய்யும். இரண்டாவது வேலையைச் செய்ய எல்லோரும் ஓடும் ஒரு மைதானம் வேண்டும். அந்த மைதானம் நாட்டில் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அதன் பெயர் பள்ளிக்கூடம். நம் பள்ளிகளில் நடப்பது என்ன? பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கும் அறிவியலும் வாங்கிக்கொள்கின்றன. போட்டிக்கு ஆள் எடுக்கும்போது, வேகமாக ஓடக்கூடியவர்கள் வரலாம் என்று அறிவிக்கிறோம். தான் வேகமாக ஓடுவோம் என்பதே தெரியாத பிள்ளையை யார் கூப்பிடுவது? மில்காவே அப்படிப்பட்ட பிள்ளைதான்.

ஆகவே இந்த வரலாற்றைப் படிக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பள்ளி முழுவதையும், ஒருவர் விடாமல், ஓடவிடுங்கள். முதலில் வருகிறவருக்குக் கோப்பை கொடுங்கள். அதோடு நிற்காமல், ஆறாவதாக வருகிற பிள்ளையையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

அடுத்த இதழில் நீலகிரிக்குப் போவோம். வெலிங்டனில் மதறாஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம், மலைக்காற்றில் ஓடிப் பழகும் ரங்ரூட்டுகள், அந்த ரெஜிமெண்டிலிருந்து ஆசிய விளையாட்டுப் பதக்க மேடைவரை போன திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவ் ஆகியோரின் கதையைப் பார்க்கலாம்.

(தொடரும்)